கோடும் கோப்பையும்

ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரை இரண்டு பொருள்கள் இன்றளவும் தாங்கி நிற்கின்றன. ஒன்று கோப்பை, மற்றொன்று கோடு. இந்திய அரசின் அயலுறவுச் செயலாளராயிருந்த சர் மார்ட்டிமர் டூராண்டு, 1888ஆம் ஆண்டில் சிம்லா மலைப்பகுதியில் படைவீரர்களுக்கென்று கால்பந்தாட்டப் போட்டியொன்றைத் தொடங்கி, அதற்குப் பரிசுக் கோப்பையும் வழங்கினார். ஐந்தாண்டுகள் கழித்து, 1893ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், அதே டூராண்டு காபூல் நகரில் அமீர் அப்துர் ரஹ்மான் கானுடன் உடன்படிக்கையொன்று செய்துகொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையே அதனால் உண்டான எல்லைக்கு டூராண்டு கோடு என்று பெயர். ஒரே மொழி பேசி வாழ்ந்த பஷ்தூன் மக்களை அக்கோடு இரு கூறாக்கியது. இன்று அது பாக்கிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் இடையில் தீராத வழக்காய்க் கிடக்கிறது. கோப்பையோ ஆண்டுக்கொரு கை மாறி, ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி என்னும் பெருமையோடு வாழ்ந்து வருகிறது.

கோடு பிரித்த மக்களைக் கோப்பை மீண்டும் ஒரு திடலில் நிறுத்த வல்லதா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர் ஆப்கானிய மலைகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. 1947இல் கோடு கிழிக்கப்பெற்ற வங்க நாட்டின் விளையாட்டு வரலாற்றைப் புரட்டினால் போதும். அங்கே முஸ்லிம்கள் வளர்த்த கழகமொன்றின் பெயரே எல்லையின் இருபுறமும் நின்று ஆடியிருக்கிறது. நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

மிள்மார் என்னும் சொல்

கால்பந்துக் கழகங்களுக்கு ஆண்டு முழுவதும் போட்டிப் பருவம் இல்லை. லீக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்திய சில வாரங்களில், வீரர்களின் உடலைப் பதப்படுத்தவும் புதியவர்களைச் சோதித்துப் பார்க்கவும் கழகங்கள் நேசப் போட்டிகளை நடத்திக்கொள்கின்றன. ஐரோப்பாவில் கோடைக்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாட்டுக் கழகம் எல்லை தாண்டிச் சென்று பக்கத்து நாட்டுக் கழகத்தோடு ஆடுவது வழக்கமான காட்சி. பட்டம் பறிபோகும் என்ற அச்சம் அவ்வாட்டங்களில் இல்லை. ஆகவே விருந்தோம்பலுக்கும் நட்புக்கும் அங்கே இடம் மிகுதி.

அரபு மொழியில் இதற்கு நிகரான பழஞ்சொல் ஒன்றுண்டு. பந்தயத்துக்கு முன் குதிரைக்கு நன்கு தீனியிட்டுக் கொழுக்கவைத்து, பின்னர் தீனியைக் குறைத்து, வியர்க்கவைத்து, உடலை இறுக்குவதற்குத் தள்மீர் என்று பெயர். அப்பயிற்சி நடக்கும் காலத்தையும், குதிரை ஓடும் களத்தையும் மிள்மார் என்னும் ஒரே சொல்லால் அரபியர் வழங்கினர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இவ்வாறு பதப்படுத்திய குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதாவரை ஏறத்தாழ ஐந்தாறு மைல் ஓடவிட்டார்கள் என்றும், பதப்படுத்தாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல்வரை குறுகிய தூரமே வகுத்தார்கள் என்றும் புகாரியில் காண்கிறோம். ஆயத்தமானவனோடு ஆயத்தமில்லாதவனை ஓடவைப்பது நீதியாகாது என்னும் நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது. இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். போட்டியும் அதற்கான பயிற்சியும் நம் மரபுக்கு அந்நியமானவையல்ல என்பதற்கு இவ்வொரு சான்று போதும்.

ஒரு கழகத்தின் எழுச்சி

கல்கத்தா நகரின் நடுவே பரந்து கிடக்கும் பசுந்திடலுக்கு மைதான் என்று பெயர். மைதான் என்பதும் அரபு வழிவந்த சொல்லே. அத்திடலில் ஆங்கிலேயர் தமக்குள் ஆடிய கால்பந்தை இந்தியரும் கற்றனர். 1891ஆம் ஆண்டில் அந்நகர முஸ்லிம்கள் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தை நிறுவினார்கள். அதே ஆண்டில்தான் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பைப் போட்டியும் தொடங்கியது. ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அக்கழகம் பெருங்கழகங்களின் வரிசையில் இடம்பெறவில்லை.

இதற்கிடையே 1911ஆம் ஆண்டு சூலை 29ஆம் நாள் மோகன் பகான் கழகம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. அவ்வணியின் பதினொருவரில் பதின்மர் வெறுங்காலோடு ஆடினர். ஆளும் இனத்தாரை அவர்களுடைய ஆட்டத்திலேயே வென்ற அந்நாளை வங்கமே கொண்டாடியது. அது இந்துக்களின் கழகம். எனினும் கல்கத்தா முஸ்லிம்களும் அவ்வெற்றியைத் தம் வெற்றியாகவே எண்ணி மகிழ்ந்தனர். அக்காலத்து முஸ்லிம் பத்திரிகை அம்மகிழ்ச்சியைப் பதிந்து வைத்திருக்கிறது. பின்னால் நடந்தவற்றை எடைபோடும்போது இதனை மறந்துவிடலாகாது.

1933இல் முதல் பிரிவுக்குத் தகுதிபெற்ற முஹம்மதன் ஸ்போர்ட்டிங், அடுத்த ஆண்டே கல்கத்தா லீக் பட்டத்தை வென்றது. 1898இல் தொடங்கிய அந்த லீக்கில் பட்டம் வென்ற முதல் இந்தியக் கழகம் அதுவேயாகும். 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் அப்பட்டம் அதனிடமே இருந்தது. 1936இல் லீக் பட்டத்தோடு ஐ.எப்.ஏ. கேடயத்தையும் சேர்த்து வென்றது.

இவ்வெற்றியின் காரணங்கள் மறைபொருளல்ல. கழகத்தை நடத்தியவர்கள் இரண்டு செயல்களைத் துணிந்து செய்தார்கள். வெறுங்காலாட்டமே நம் பெருமை என்றிருந்த காலத்தில், மழையால் சேறாகும் திடலில் காலணி அணிந்து ஆடும்படி வீரர்களைப் பழக்கினார்கள். வங்கத்தின் ஆட்டப்பருவம் மழைக்காலத்தோடு ஒன்றியது என்பதால் இதன் பயன் பெரிதாயிற்று. இரண்டாவதாக, திறமையாளரைத் தேடி நாடெங்கும் சென்றார்கள். குவெட்டா, பெசாவர், ஐதராபாத், பெங்களூர் என்று பல திசைகளிலிருந்தும் வீரர்கள் வந்து சேர்ந்தனர். வங்காளி அணிகளோடு ஆடிய அக்கழகம் ஏறத்தாழ இந்தியா முழுவதையும் தன் அணியில் கொண்டிருந்தது.

பெங்களூர் என்றதும் நம் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் நல்லம்பள்ளி வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் தருமபுரி, கிருஷ்ணகிரியைக் கடந்து அந்நகரை அடையலாம். அங்கே பெங்களூர் முஸ்லிம்ஸ் என்ற பெயரில் ஒரு கழகம் இருந்தது. 1937ஆம் ஆண்டு ரோவர்ஸ் கோப்பை இறுதியாட்டத்தில் அது, அசைக்க முடியாததென்று எண்ணப்பட்ட முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தையே 1-0 என்ற கணக்கில் வென்றது. அடுத்த ஆண்டும் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. 1940இல் அதே இரு கழகங்கள் மீண்டும் இறுதியில் மோதின. அம்முறை கல்கத்தாவார் 1-0 என வென்றனர். சென்னை மாகாணத்து வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் தொடாமல் விட்ட பக்கம் இது.

அதே 1940ஆம் ஆண்டு டிசம்பரில் டூராண்டு கோப்பையும் முஹம்மதன் ஸ்போர்ட்டிங்கின் கைக்கு வந்தது. தில்லியில் நடந்த இறுதியாட்டத்தில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. படைவீரர்களுக்காகப் படைவீரர் நாட்டியவர் தொடங்கிய அக்கோப்பையை, 52 ஆண்டுகளில் முதன்முறையாக இந்தியப் பொதுமக்களின் கழகமொன்று கைக்கொண்டது.

பெருமையும் நிழலும்

வெற்றி ஒரு சமுதாயத்துக்கு என்ன செய்கிறது? கல்வியிலும் பதவியிலும் பின்தங்கிய மக்களுக்கு அது நிமிர்ந்த நடையைத் தந்தது. தொழிலாளரும் வணிகரும் மாணவரும் திடலில் தோளோடு தோள் நின்றனர். இது நன்மை. ஆனால் வங்கத்தின் அரசியல் அந்நாளில் மதத்தின் வழியே பிரிந்துகொண்டிருந்தது. கழகத்தின் வெற்றியை ஒரு சாரார் சமுதாய வலிமையின் அறிகுறியாகக் காட்டினர். மற்றொரு சாரார் அச்சத்தோடு பார்த்தனர். 1911இல் பிறர் வெற்றியில் தம் வெற்றியைக் கண்ட கூட்டம், கால் நூற்றாண்டுக்குள் இரண்டு கூட்டமாயிற்று.

ஆனாலும் முழுக் கதையையும் பகையென்றே எழுதிவிடுவது அநீதி. 1939இல் கால்பந்து நிருவாகத்தின் போக்கைக் கண்டித்து முஹம்மதன் ஸ்போர்ட்டிங் லீக்கிலிருந்து வெளியேறியபோது, அதனோடு ஈஸ்ட் பெங்கால், காளிகாட் ஆகிய கழகங்களும் வெளியேறின. அவை இந்துக்கள் நடத்திய கழகங்கள். நீதி என்று பட்ட இடத்தில் சமய வேறுபாடு குறுக்கே நிற்கவில்லை.

1946ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தா மைதானத்தின் ஆக்டர்லோனி நினைவுத்தூண் அருகே மாபெரும் கூட்டம் கூடியது. அன்று தொடங்கிய கலவரத்தில் சில நாள்களுக்குள் இரு சமயத்தாரிலும் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். எந்தப் பசுந்திடலில் கழகங்கள் ஆடினவோ, அத்திடலைச் சுற்றிய நகரமே பிணக்காடாயிற்று. திடலில் பகையை விதைத்தவர்கள் விளையாட்டுக்காரர்களல்லர். எனினும், ஆட்டத்தின் வெற்றி தோல்வியை இனத்தின் வாழ்வு சாவாகக் கருதும் மனப்பான்மை அவ்விதைக்கு எருவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

அண்ணலார் (ஸல்) அவர்களிடம் அள்பா என்றொரு பெண் ஒட்டகம் இருந்தது. எந்தப் பந்தயத்திலும் அது தோற்றதில்லை. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவர் தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதனை முந்திவிட்டார். தோழர்களின் முகம் வாடிற்று. உலகில் உயர்ந்து நிற்கும் எதனையும் இறைவன் தாழ்த்தாமல் விடுவதில்லை என்னும் கருத்தை அண்ணலார் அப்போது எடுத்துரைத்தார்கள். தம் ஒட்டகமே தோற்ற நேரத்தில் சொன்ன சொல் அது. முந்தியவரை அவர்கள் கடிந்துகொள்ளவில்லை, மறுபந்தயமும் கேட்கவில்லை. பந்தயத்தில் இறங்குவோர் அனைவரும் தோல்வியை ஏற்கும் இப்பண்பையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்.

ஒரு பெயர், இரு நாடுகள்

1947 ஆகஸ்டு 17ஆம் நாள் ராட்கிளிப்பின் எல்லைத் தீர்ப்பு வெளியாயிற்று. அதற்கு முன் இந்தியாவையே கண்டறியாத அவ்வழக்கறிஞருக்கு வங்கத்தையும் பஞ்சாபையும் கூறுபோட ஐந்தே வாரங்கள் தரப்பட்டிருந்தன. கல்கத்தா ஒருபுறம், டாக்கா மறுபுறம் ஆயின.

கோடு விழுந்ததும் பெயர்கள் இடம் மாறி நின்றன. கிழக்கு வங்கத்து மக்களின் மதிப்புக்கென 1920இல் கல்கத்தாவில் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் கழகம், தன் பெயரிலுள்ள மண்ணை இழந்து மேற்கிலேயே தங்கிற்று. கிழக்கிலிருந்து ஏதிலிகளாய் வந்த இலட்சக்கணக்கானோர் அக்கழகத்தில் தம் ஊரைக் கண்டனர். மறுபுறம், கல்கத்தா முஸ்லிம் கழகத்தின் புகழைக் கேட்டு 1936இல் டாக்காவில் அதே பெயரோடு அமைந்த முஹம்மதன் ஸ்போர்ட்டிங், இப்போது வேறொரு நாட்டின் கழகமாயிற்று. பிரிவினைக்குப் பின் கல்கத்தாவிலிருந்து சென்ற விளையாட்டு அன்பர்கள் அதனை வளர்த்தனர்.

தாய்க்கழகம் அழிந்துவிடும் என்று பலர் எண்ணினர். வீரர்கள் பலர் எல்லை தாண்டிச் சென்றுவிட்டனர். ஆதரவாளர் குடும்பங்கள் சிதறின. ஆயினும் 1948ஆம் ஆண்டின் கல்கத்தா லீக் பட்டத்தை முஹம்மதன் ஸ்போர்ட்டிங் வென்றது. புறப்பட்டுச் சென்றவர்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். பிறந்த மண்ணிலேயே இருந்துவிட்ட முஸ்லிம்கள், இவ்வூரும் இத்திடலும் எமக்கும் உரியவை என்று சொல்லாமல் சொன்ன ஆண்டு அது. என் கணிப்பில் 1934ஐ விட 1948 பெரிய வெற்றி.

அரசுகள் முறைத்துக்கொண்டிருந்த அக்காலத்திலும் பந்து எல்லையைக் கடந்தது. 1952 முதல் 1955 வரை இந்தியா, பாக்கிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளும் கொழும்புக் கோப்பைக்கு ஆடின. முதலாண்டு கொழும்பிலும், பின்னர் முறையே ரங்கூன், கல்கத்தா, டாக்கா நகரங்களிலும் அப்போட்டி நடந்தது. பிரிந்து பத்தாண்டும் ஆகாத இரு நாடுகளின் வீரர்கள் 1954இல் கல்கத்தாவிலும் 1955இல் டாக்காவிலும் ஒரே திடலில் நின்றனர். பாக்கிஸ்தானின் மசூத் ஃபக்ரி, ஏதிலிகளின் கழகமான ஈஸ்ட் பெங்காலுக்கே ஆடிப் புகழ்பெற்றார். கராச்சியைச் சேர்ந்த முஹம்மது உமர், கல்கத்தா, டாக்கா ஆகிய இரு நகரங்களின் முஹம்மதன் கழகங்களுக்கும் ஆடினார்.

நாடுகளின் போட்டியை அடுத்துக் கழகங்களின் போட்டி வந்தது. 1958இல் டாக்காவில் ஆகாகான் தங்கக் கோப்பைப் போட்டி தொடங்கியது. பல ஆசிய நாடுகளின் அணிகள் அதற்கு வந்தன. 1959இல் அக்கோப்பையை டாக்கா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் வென்றது. 1960இல் கல்கத்தா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் வந்து வென்று சென்றது. அயல்நாட்டு மண்ணில் கோப்பை வென்ற முதல் இந்தியக் கழகம் என்று இன்றும் அதனைப் பாராட்டுகிறார்கள். ஒரே பெயருடைய இரு நாட்டுக் கழகங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே கோப்பையை ஏந்திய செய்தி விளையாட்டு வரலாற்றில் அரியது. 1965ஆம் ஆண்டுப் போர் அந்தப் போக்குவரத்தை அறுத்தது.

கொடியேந்திய அணி

1971ஆம் ஆண்டு கிழக்கு வங்கம் விடுதலைக்குப் போராடியபோது, அங்கிருந்து இந்தியா வந்த வீரர்கள் சேர்ந்து சுதந்திர வங்கக் கால்பந்து அணி என்றொன்றை அமைத்தனர். அதன் தலைவர் ஜக்காரியா பின்டு. துணைத்தலைவர் பிரதாப் சங்கர் ஹஜ்ரா. இருவருமே டாக்கா முஹம்மதன் ஸ்போர்ட்டிங் வீரர்கள். பின்னவர் இந்து. முஸ்லிம் பெயர் தாங்கிய கழகத்தின் இந்து வீரரும் முஸ்லிம் வீரரும் ஒரு நாட்டின் விடுதலைக்காக ஒருங்கே பந்துதைத்தனர்.

அவ்வணியின் முதல் ஆட்டம் 1971 சூலை 25ஆம் நாள் மேற்கு வங்கத்தின் கிருஷ்ணநகரில் நதியா மாவட்ட அணியோடு நடந்தது. 2-2 என்று சமநிலையில் முடிந்தது. ஆட்டத்துக்கு முன் தங்கள் கொடியை ஏற்றவேண்டும் என்று வீரர்கள் வற்புறுத்தினர். இந்திய அரசு வங்கதேசத்தை ஏற்பளித்தது டிசம்பர் 6ஆம் நாள்தான். சூலையில் அக்கொடிக்கு அரசுமுறை மதிப்பு ஏதுமில்லை. ஆயினும் கொடி ஏறியது. இசைவளித்த மாவட்ட ஆட்சியர் நடவடிக்கைக்கு உள்ளானார். அடுத்து, மோகன் பகான் வீரர்கள் தம் கழகத்தின் பெயரால் ஆட இயலாமல், முன்னாள் வீரர் கோஷ்ட பாலின் பெயரால் அணி திரண்டு வந்து ஆடினர். அரசாணைகள் தடுத்ததை ஆட்டக்காரர்கள் இப்படித்தான் கடந்தனர். ஆட்டங்களில் திரண்ட பணம் போராட்ட நிதிக்குச் சென்றது.

விடுதலைக்குப் பின் 1972 மே மாதத்தில் மோகன் பகான் டாக்கா சென்று ஆடியது. 1985இல் கொழும்பில் நடந்த ஆசியக் கழகங்களுக்கான மண்டலப் போட்டியின் இறுதியில் ஈஸ்ட் பெங்காலும் டாக்காவின் அபஹானியும் மோதின. ஈஸ்ட் பெங்கால் வென்றது. 1991இல் டாக்காவின் மோனெம் முன்னா, ஷேக் முஹம்மது அஸ்லம் முதலியோர் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆட வந்தனர். கிழக்கு வங்கத்தின் பெயர் தாங்கிய அக்கழகத்துக்கு அம்மண்ணின் பிள்ளைகளே வந்து ஆடியதைக் கண்டு முதியவர்கள் நெகிழ்ந்ததில் வியப்பில்லை. 2015இல் சிட்டகாங்கில் நடந்த ஷேக் கமால் கழகக் கோப்பையில் கொல்கத்தா, டாக்கா ஆகிய இரு முஹம்மதன் கழகங்களும் கலந்துகொண்டன. இறுதியில் சிட்டகாங் அபஹானி ஈஸ்ட் பெங்காலை 3-1 என வென்றது.

இன்றைய நிலை

அண்மை ஆண்டுகளில் டூராண்டு கோப்பையே இந்தியக் கழகங்களுக்குப் பருவத்துக்கு முந்திய போட்டியாய் அமைந்துவிட்டது. லீக் தொடங்குமுன், மழைக்கால மாதங்களில் அது நடைபெறுகிறது. 2023ஆம் ஆண்டில் வங்கதேசத்துப் படை அணியும் நேப்பாளத்தின் திரிபுவன் படை அணியும் அழைக்கப்பெற்றன. 27 ஆண்டுகளுக்குப் பின் அயல்நாட்டு அணிகள் அப்போட்டிக்கு வந்தது அப்போதுதான். கொல்கத்தா உப்பேரித் திடலில் வங்கதேசப் படை அணி மோகன் பகானிடம் 0-5 என்று தோற்றது. மூன்று நாள் கழித்து ஈஸ்ட் பெங்காலோடு 2-2 என்று சமன் செய்தது. எல்லை வகுத்தவரின் பெயர் தாங்கிய கோப்பை எல்லைக்கு அப்பாலிருந்து விருந்தாளிகளை வரவழைத்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தவை படை அணிகள். மக்கள் வளர்த்த கழகங்களல்ல. டாக்காவின் கழகங்களும் கொல்கத்தாவின் கழகங்களும் ஆண்டுதோறும் முறைவைத்து ஆடும் போட்டி இன்றுவரை நிலைபெறவில்லை. அழைப்புகள் வருகின்றன; ஓராண்டு நடக்கிறது; அரசியல் காற்று மாறியதும் நின்றுபோகிறது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தபின் இரு நாடுகளுக்குமிடையே கசப்பு மிகுந்தது. அக்கசப்பின் நடுவிலும் 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் இரு தேசிய அணிகளும் கோலின்றிச் சமன் செய்தன. நவம்பரில் டாக்காவில் வங்கதேசம் 1-0 என வென்றது. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கட்டாயத்தால் நடந்த ஆட்டங்கள் அவை. கட்டாயமின்றி, விருப்பத்தால் நடக்கும் ஆட்டங்களுக்கே இன்று பஞ்சம்.

இரு முஹம்மதன் கழகங்களும் உயிரோடிருக்கின்றன. கொல்கத்தாக் கழகம் நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் 2021இல் நகர லீக்கை வென்றது. 2023-24இல் ஐ-லீக் பட்டம் பெற்று நாட்டின் முதல்நிலைப் போட்டிக்கு உயர்ந்தது. டாக்காக் கழகம் 2024-25இல் வங்கதேச முதல்நிலை லீக்கை வென்றது. 2007இல் தொழில்முறை லீக் தொடங்கியபின் அதன் முதல் பட்டம் அதுவாகும். இரு கழகங்களிலும் பிற சமயத்து வீரர்கள் ஆடுகின்றனர். இவ்விரண்டும் தத்தம் பருவம் தொடங்குமுன் ஆண்டுக்கொரு முறை, ஓராண்டு இங்கும் ஓராண்டு அங்குமாக ஆடினால் என்ன?

இது நடவாத கனவன்று. நம் சென்னைக்கே அத்தகைய முன்னனுபவம் உண்டு. கிரிக்கெட் வீரர் எம்.ஜே. கோபாலன் பெயரால் 1950களின் தொடக்கத்தில் ஏற்படுத்தப்பட்ட கோப்பைக்காகச் சென்னை அணியும் இலங்கை அணியும் 1970களின் நடுப்பகுதிவரை சென்னையிலும் கொழும்பிலும் மாறிமாறி ஆடின. இலங்கை டெஸ்ட் தகுதி பெற்றது 1981இல்தான். அதற்கு முன், பாக் நீரிணையைக் கடந்து நடந்த அந்த ஆட்டங்கள் அந்நாட்டு வீரர்களுக்குப் பயிற்சிக்களமாய் விளங்கின. அண்டை நாட்டாரைத் தகுதியுடையவராக்கி உயர்த்திவிடுவதும் விளையாட்டின் பணிகளில் ஒன்றென்பதை அது காட்டிற்று.

எங்கள் நல்லம்பள்ளி வட்டாரமும் எல்லையின் தன்மையை அறிந்த மண். பாராமகால் என்று வழங்கிய இந்நிலப்பகுதி ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் உரியதாயிருந்து, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கும்பினியார் கைக்குச் சென்றது. படைகள் கடந்த கணவாய் வழியில் இன்று சரக்கு வண்டிகள் இரவும் பகலும் ஓடுகின்றன. பக்கத்திலுள்ள அதியமான்கோட்டையின் பெயரைக் கேட்டால் தமிழறிந்தோர்க்கு ஔவையின் நினைவு வரும். போர் மூளவிருந்த வேளையில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் அவர். படைக்கலன்களைக் காட்டிப் பெருமை பேசிய மன்னனிடம் சொல்லின் நயத்தால் பேசினார். எல்லைக்கு அப்பால் செல்லத் துணிந்த ஒருவர் வேண்டும். அங்கே அவரை ஏற்று அமர்த்த ஒருவர் வேண்டும். தூது என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.

கால்பந்து அணியும் அப்படித்தான். பதினொருவர் எல்லை கடந்து செல்கின்றனர், பதினொருவர் எதிர்கொள்கின்றனர். தொண்ணூறு நிமிடம் விட்டுக்கொடாமல் மோதி, முடிந்ததும் கைகுலுக்குகின்றனர். அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரயீல் (அலை) ஓயாமல் வலியுறுத்தியதால், அண்டை வீட்டார்க்குச் சொத்தில் பங்கும் வந்துவிடுமோ என்று அண்ணலார் (ஸல்) எண்ணும் அளவுக்குப் போயிற்று என்பது நாம் பிள்ளைகளுக்குப் பாடமாய்ச் சொல்லிக்கொடுக்கும் ஹதீஸ். அவ்வுரிமை வீட்டுச் சுவரோடு நின்றுவிடுவதன்று. நாட்டின் எல்லைக்கும் அது பொருந்தும்.

தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து ஆட்டம் பார்க்கும் நம் பிள்ளைகளிடம் 1934இன் வெற்றியைச் சொல்லுங்கள். அதனோடு, மோகன் பகானின் வெற்றிக்கு மகிழ்ந்த 1911இன் முஸ்லிம்களையும், ஊரைவிட்டுப் போகாமல் ஆடி வென்ற 1948இன் வீரர்களையும், கிருஷ்ணநகரில் கொடியேற்றிய பின்டுவையும் ஹஜ்ராவையும் சேர்த்தே சொல்லுங்கள். பக்கத்து நாட்டு அணி வென்றால் கைதட்டுவது தேசத் துரோகமாகாது என்பதையும் சொல்லுங்கள். அவ்வாறு வளர்ந்த பிள்ளைகள் நாளை கழகங்களையும் அரசுகளையும் நடத்தும் இடத்துக்கு வருவார்களானால், கொல்கத்தாவிலும் டாக்காவிலும் அந்தக் கோப்பை ஆண்டுதோறும் நடக்கும், இன்ஷா அல்லாஹ்.